மடக்குக் கத்தி வாங்கப் போறீங்களா? முதல்ல இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க! | முதன்முதலாய் வாங்கும்போது

முதல் ஹெல்மெட், முதல் பிரஷர் குக்கர், முதல் ரத்த அழுத்தக் கருவி... இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். சில வாரங்களாகக் கொஞ்சம் வேறு மாதிரியான ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. `எப்போதும் கையோடு வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வாங்க வேண்டும். எதை வாங்கலாம்?'

கேட்பவர்கள் பலதரப்பட்டவர்கள். டிரெக்கிங் போக ஆரம்பித்திருக்கும் கல்லூரி மாணவர், மாடித்தோட்டம் போட்டிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், இரவு ஷிஃப்ட் முடித்து வீடு திரும்பும் மகளுக்காக விசாரிக்கும் அப்பா. மூவரும் ஒரே பொருளைத்தான் கேட்கிறார்கள். ஆனால், முதல் இருவருக்குச் சொல்லும் பதிலை அந்த அப்பாவுக்கு அப்படியே சொல்ல முடியாது.

அதனால் பிராண்டு, விலை, எஃகு என்று போவதற்கு முன்னால் ஒரு கேள்வி. `நாளைக்குக் காலையில் இந்தக் கத்தியை வைத்து எதை வெட்டப் போகிறீர்கள்?'

பார்சல் டேப், சணல் கயிறு, அரிசி மூட்டையின் தையல் நூல், ரயிலில் சாப்பிட ஓர் ஆப்பிள்... இப்படி ஏதாவது மனதில் வந்தால் உங்களுக்குத் தேவை ஒரு கருவி. தாராளமாக வாங்கலாம், எப்படி என்று பார்ப்போம். `வெட்ட எதுவும் இல்லை, சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான்' என்று தோன்றினால், இந்தக் கட்டுரையின் கடைசி மூன்று பகுதிகளை முதலில் படித்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

கத்தி வைத்திருப்பதே குற்றம் என்று சிலர் நினைக்கிறார்கள். சின்னக் கத்திக்கு எந்தச் சட்டமும் கிடையாது என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டுமே சரியில்லை.

இந்தியாவில் இதற்கு அடிப்படை, 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதன் கீழ் வந்த 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகு உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழிற்சாலைப் பயன்பாடு ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால்தான் அருவாமனைக்கும் கதிர் அரிவாளுக்கும் நாம் லைசென்ஸ் வாங்குவதில்லை. சட்டைப் பையில் அடங்கும் மடக்குக் கத்தி எதுவும் 9 அங்குலத்தை நெருங்காது.

ஆனால், விஷயம் அதோடு முடியவில்லை. குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட வகை ஆயுதங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு கொண்டுவர அதே சட்டம் வழிசெய்கிறது. டெல்லியில் 1980-ம் ஆண்டு வந்த அறிவிக்கை இதற்கு நல்ல உதாரணம். பட்டன், ஸ்பிரிங் போன்ற அமைப்பால் திறக்கும் கத்தியின் அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அல்லது அதற்கு மேலும் இருந்தால், அங்கே அது கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். 7.62 சென்டிமீட்டர் என்பது சரியாக 3 அங்குலம். வேலை நிமித்தம் வெளிமாநிலம் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அளவு சரியாக இருந்தாலும் இன்னொன்று இருக்கிறது. இரவு வாகனச் சோதனையில் போலீஸார் பையைத் திறந்து, `இது எதுக்கு?' என்று கேட்கலாம். `தோட்ட வேலைக்கு சார்' என்பதும், `எவனாவது வந்தா பார்த்துக்கலாம்னு' என்பதும் ஒன்றல்ல. பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டியும், கத்தியோடு ரீல்ஸ் போட்டும் இளைஞர்கள் கைதாகும் செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். கெத்துக்காகக் கத்தி வாங்கும் எண்ணம் இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தச் சட்டங்களை எல்லாம் வைத்துப் பார்த்தால், முதல் கத்திக்கான இரண்டு நிபந்தனைகள் தானாகவே கிடைத்துவிடுகின்றன. ஒன்று, அலகு 3 அங்குலத்துக்குள். இரண்டு, பட்டன் தட்டினால் `சடக்' என்று தானே விரியும் வகை வேண்டவே வேண்டாம். பழைய இந்திப் பட வில்லன்கள் பிரபலப்படுத்திய ராம்பூரி பார்க்க மிரட்டலாக இருக்கலாம், ஆப்பிள் நறுக்க அது தேவையில்லை.

3 அங்குலம் போதுமா?

தாராளமாகப் போதும். `பேனாக்கத்தி' என்ற பெயரே, இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பயன்பட்ட குட்டிக் கத்தியிலிருந்து வந்ததுதான். வெளியில் நாம் செய்யும் வெட்டு வேலைகள் பெரும்பாலும் 5 முதல் 7 சென்டிமீட்டர் அலகிலேயே முடிந்துவிடும். தர்பூசணி வெட்டவும் கோழி உரிக்கவும் வீட்டில் வேறு கத்தி இருக்கிறது.

இதைவிட முக்கியம் எடை. 200 கிராம் கத்தியை ஆர்வத்தில் நாலு நாள் தூக்கிக்கொண்டு திரிவீர்கள், ஐந்தாம் நாள் அது மேசை டிராயருக்குப் போய்விடும். 100 கிராமுக்குள் இருந்தால்தான் கூடவே இருக்கும்.

அலகின் வடிவத்தைப் பொறுத்தவரை, முதுகுப் பக்கம் மெதுவாகச் சரிந்து முனையில் சேரும் சாதாரண வடிவமே எல்லா வேலைக்கும் ஒத்துவரும். குத்தீட்டி போன்ற முனை, இரண்டு பக்கமும் கூர், மண்டை ஓடு படம், கறுப்பு வண்ணம்... இவை எல்லாம் கத்தியின் விலையையும் போலீஸாரின் சந்தேகத்தையும் மட்டுமே கூட்டும். ரம்பப் பல் வைத்த அலகு கயிறு அறுக்க நல்லது, ஆனால் வீட்டில் தீட்டுவது கஷ்டம். முதல் கத்திக்கு நேர்க்கூர் போதும்.

விரலைக் காப்பாற்றுவது பூட்டுதான்

மடக்குக் கத்தியில் வாங்குபவர்கள் கடைசியாகப் பார்ப்பதும், உண்மையில் முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான். விரித்த அலகை எது பிடித்து நிறுத்துகிறது?

பூட்டே இல்லாத வகை: விக்டோரினாக்ஸின் சட்டைப்பைக் கத்திகளில் பெரும்பாலானவை இப்படித்தான். கார்ல் எல்ஸனர் 1884-ல் சுவிட்சர்லாந்தின் இபாக்கில் தொடங்கிய பட்டறை அது. 1897-ல் பதிவான அதன் `ஆபீஸர் கத்தி'தான் இன்று உலகம் முழுக்க `ஸ்விஸ் ஆர்மி கத்தி' எனப்படுகிறது. இதில் முதுகுப் பக்கம் ஒரு பட்டை ஸ்பிரிங் அலகை அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். இழுத்து வெட்டும் வேலைக்கு இது போதும். ஆனால், முனையால் குத்தினாலோ முதுகுப் பக்கம் அழுத்தம் விழுந்தாலோ மடங்கி விரலில் விழும். கத்திரிக்கோல், திருப்புளி, டப்பா திறப்பான் எல்லாம் சேர்ந்து வருவதால், தினசரிப் பயன்பாட்டுக்கு இதை விஞ்சுவது சிரமம். மடக்கினால் 58 மில்லிமீட்டர் நீளமே உள்ள `கிளாசிக்' சாவிக்கொத்தில் தொங்கும். 91 மில்லிமீட்டர் ரகம் பையில் வைக்க ஏற்றது.

வளையப் பூட்டு: பிரான்ஸின் சவாய் பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890-ல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி இது. அலகை விரித்தபின் கழுத்தில் இருக்கும் உலோக வளையத்தைத் திருகினால் பூட்டிக்கொள்ளும். இந்த வளையம் 1955-ல் வந்து சேர்ந்தது. எளிமையானது, மெலிந்த அலகு, பழம் வெட்ட அருமை. நம் ஊருக்கு ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. மழைக்காலத்தில் மரப்பிடி ஈரம் குடித்து உப்பிவிடும், கத்தி திறக்க அடம்பிடிக்கும். இவர்களின் 8-ம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர், அதாவது நாம் வைத்த 3 அங்குலத்தைத் தாண்டுகிறது. அதைவிடச் சிறிய எண்களைப் பாருங்கள்.

முதுகுப் பூட்டு, உள்தகடுப் பூட்டு: முதல் வகையில் பிடியின் முதுகில் உள்ள கட்டையை அழுத்தினால்தான் அலகு மடங்கும். இரண்டாவதில், பிடிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தகடு, அலகு விரிந்ததும் அதன் பின்னால் போய் நின்றுகொள்ளும். இரண்டும் உறுதியானவை. ஆனால், உள்தகடுப் பூட்டை மடக்கும்போது கட்டை விரல் அலகு வரும் பாதையிலேயே இருக்கும். தகட்டைத் தள்ளி, அலகைக் கொஞ்சம் மடக்கியதும் விரலை எடுத்துவிட்டு, பிறகு மீதியை மூட வேண்டும். கடையிலேயே பத்து முறை மடக்கிப் பழகுங்கள். இடது கைக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்தப் பூட்டுகள் பெரும்பாலும் வலது கைக்காகவே செய்யப்பட்டவை.

எந்தப் பூட்டாக இருந்தாலும் முழுமையாக நம்பக் கூடாது. மடக்குக் கத்தியின் பலவீனம் அதன் மூட்டு. ஸ்க்ரூ திருகுவது, டப்பா மூடியை நெம்புவது எல்லாம் அலகின் வேலை கிடையாது.

எஃகு: ஊரைப் பார்த்து வாங்குங்கள்

கத்திப் பிரியர்கள் எஃகைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். முதல்முறை வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது மிகக் கொஞ்சம். எஃகு கடினமாக இருந்தால் கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் மழுங்கினால் தீட்டுவது பாடு. கொஞ்சம் மென்மையாக இருந்தால் சீக்கிரம் மழுங்கும், ஆனால் பத்து நிமிடத்தில் கூர் திரும்பிவிடும். `டி2' போன்ற கடின எஃகு முதல் ரகம். விக்டோரினாக்ஸ் பயன்படுத்துவது இரண்டாவது ரகம். தீட்டிப் பழக்கமில்லாதவருக்கு இரண்டாவதே நல்லது.

அடுத்தது துரு. எஃகில் குறைந்தது 10.5 சதவிகிதம் குரோமியம் இருந்தால்தான் அதை ஸ்டெயின்லெஸ் என்பார்கள். சென்னை, தூத்துக்குடி, நாகை போன்ற உப்புக்காற்று ஊர்களில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டெயின்லெஸ் வாங்கலாம். கார்பன் எஃகு கூர்மையில் பிரமாதம்தான். ஆனால், ஒரு மாங்காய் வெட்டினாலே கறுத்துவிடும், துடைக்காமல் வைத்தால் மறுநாள் காலையில் துருப் புள்ளிகள் தெரியும். பாட்டி வீட்டு அருவாமனையைப் பார்த்திருந்தால் இது உங்களுக்குப் புதிதல்ல.

கடையில் செய்ய வேண்டிய 5 சோதனைகள்

1. மடக்கிய நிலையில் அலகு இரண்டு பக்கத் தகடுகளுக்கும் நடுவில் நிற்கிறதா? ஒரு பக்கம் உரசினால் மூட்டு சரியில்லை.

2. விரித்துவிட்டு அலகின் முதுகைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது.

3. பூட்டு உள்ள கத்தியாக இருந்தால், விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கிவைத்துக்கொண்டு, அலகின் முதுகில் மெதுவாக அழுத்துங்கள். பூட்டு வழுக்கினால் அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

4. மடக்கிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உதறுங்கள். அலகு தானாக வெளியே வந்தால், அது பைக்குள்ளும் வரும்.

5. உங்கள் நகம், உங்கள் விரல் பலத்தில் திறக்கிறதா? வாங்குவது அம்மாவுக்கு என்றால் அம்மாவையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்கு நகக்குழி மட்டும் உள்ள கத்தி சரிவராது.

ஆன்லைனில் வாங்குபவர்கள் போலிகளிடம் ஜாக்கிரதையாக இருங்கள். பிரபல பிராண்டுகளின் பெயர் பெட்டியில் மட்டுமல்ல, அலகின் அடிப்பகுதியிலும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கும். நம்ப முடியாத தள்ளுபடி என்றால் நம்பாமல் இருப்பதே நல்லது.

மழுங்கிய கத்திதான் ஆபத்து

கூர் குறைந்தால் நாம் கூடுதலாக அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் கை. எனவே, மாதம் ஒருமுறை தீட்டுங்கள். ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் சாணைக்கல்லே போதும். கல்லை நனைத்து, அலகைச் சுமார் 20 டிகிரி சாய்த்து, ஒரு பக்கம் எத்தனை இழுப்போ மறுபக்கமும் அத்தனை. அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையின் அடியில் பளபளப்பு பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும் பாருங்கள், அதிலேயே தீட்டலாம். தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் அருவாமனை, அரிவாளுக்குச் சரி. சின்ன அலகு அந்தச் சக்கரத்தின் சூட்டில் தன் பதத்தை இழந்துவிடலாம்.

பழம் வெட்டினால் கழுவித் துடைத்துவிட்டு மடக்குங்கள். மூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளடைவில் பிசுக்காகி அழுக்கைச் சேர்க்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், உணவு படும் அலகில் அது வழியாமல் துடைத்துவிடுங்கள்.

`கத்தியைக் கையில கொடுக்காதே, கீழே வை, எடுத்துக்கறேன்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க வேண்டாம். அது ஒரு நல்ல பாதுகாப்புப் பழக்கமும்கூட. மடக்குக் கத்தியை எப்போதும் மடக்கித்தான் கைமாற்ற வேண்டும். கை தவறி விழும் கத்தியைப் பிடிக்கப் பாயாதீர்கள். பின்னால் நகர்ந்து விழவிடுங்கள்.

கை வெட்டிக்கொண்டால் காபித் தூள், மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம். சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அதற்கும் ரத்தம் நிற்காவிட்டாலோ, விரல் மரத்துப்போனாலோ, மடக்க முடியாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது?

விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது, செக்-இன் லக்கேஜில் வைத்துவிடுங்கள். சாவிக்கொத்தில் தொங்கும் குட்டிக் கத்தியை மறந்துபோய், சோதனையில் பறிகொடுத்தவர்கள் ஏராளம். நீதிமன்றம், தேர்வு மையம், மெட்ரோ, மால், பெரிய கோயில்கள் போன்ற சோதனை உள்ள இடங்களுக்குப் போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிடுவது உத்தமம்.

பள்ளி, கல்லூரிப் பைகளில் வேண்டவே வேண்டாம். பென்சில் சீவத்தான் என்றாலும் வேண்டாம். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டிய கொடுமைக்குப் பிறகு, மாணவரின் பையில் இருக்கும் கத்தியைச் சாதாரணமாகப் பார்க்கும் மனநிலையில் எந்த ஆசிரியரும் இல்லை. அது நியாயமும்கூட.

சரி, தற்காப்புக்கு?

இப்போது அந்த அப்பாவின் கேள்விக்கு வருவோம். மகளின் கைப்பையில் ஒரு மடக்குக் கத்தி இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைக்கிறார். அந்தப் பயம் பொய்யானதல்ல. ஆனால், அந்த நிம்மதி பொய்யானது. ஏன் என்று பார்க்கலாம்.

முதல் காரணம், நேரம். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டியூலர் 1983-ல் எழுதிய ஒரு கட்டுரை, காவலர் பயிற்சிகளில் இன்றும் பேசப்படுகிறது. 21 அடி தூரத்தில் நிற்கும் ஒருவர் ஓடி வந்து நம்மைத் தொட ஏறக்குறைய ஒன்றரை விநாடி போதும் என்பது அவர் கணக்கு. கைப்பை ஜிப்பைத் திறந்து, லிப்ஸ்டிக், சார்ஜர், டிபன் பாக்ஸுக்கு நடுவே துழாவி, எடுத்து, நகத்தால் அலகை விரிக்க எத்தனை விநாடி ஆகும்? வீட்டில், பயமே இல்லாத நேரத்தில் எண்ணிப் பாருங்கள். பயத்தில் விரல் நடுங்கும்போது நகக்குழி கண்ணுக்கே தெரியாது. மேலும், பல சமயம் ஆபத்து 21 அடி தள்ளி நின்று சொல்லிவிட்டு வருவதில்லை.

இரண்டாவது, தூரம். கத்தி வேலை செய்ய வேண்டுமானால், யாரிடமிருந்து தப்ப நினைக்கிறோமோ அவரைக் கை எட்டும் தூரத்துக்குள் விட வேண்டும். அவ்வளவு அருகில் வந்தவர் நம்மைவிடப் பலசாலியாக இருந்தால், கத்தி கை மாற ஒரு நொடி போதும். அதன்பின் அது அவருடைய ஆயுதம்.

மூன்றாவது, கத்தியின் அமைப்பு. சட்டைப்பைக் கத்தியில் விரல் முன்னால் வழுக்காமல் தடுக்க எதுவும் இருக்காது. வேகமாகக் குத்தினால் நம் விரலே அலகில் ஏறும். பூட்டில்லாத கத்தி என்றால் மடங்கி நம் விரலையே வெட்டும்.

நான்காவது, நகையையோ போனையோ பறிக்க வந்தவர் கத்தியைப் பார்த்ததும் பயந்து ஓடுவார் என்பது சினிமா. அவரிடமும் ஒன்று இருந்தால், போனோடு போயிருக்க வேண்டிய விஷயம் உயிர்வரை போகும்.

தற்காப்பு உரிமை எங்கே முடிகிறது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றிப் பேசுகின்றன. நம் உடலை மட்டுமல்ல, அடுத்தவர் உடலைக் காக்கவும் நமக்கு உரிமை உண்டு. உயிர் போகும் அச்சம், கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை, கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற தாக்குதல்களில், தாக்குபவரின் உயிர் போகும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும் என்கிறது 38-வது பிரிவு. ஒரு பெண் தன்னைக் காத்துக்கொள்ளப் போராடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால், அந்த உரிமைக்கு எல்லை உண்டு. காத்துக்கொள்ளத் தேவையான அளவைவிட அதிகக் காயம் ஏற்படுத்தக் கூடாது, காவல்துறையை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை என்கிறது 37-வது பிரிவு. ஆபத்து குறித்த நியாயமான அச்சம் இருக்கும்வரைதான் உரிமையும். திரும்பி ஓடுபவரின் முதுகில் இறங்கும் கத்திக்குத் தற்காப்பு என்று பெயர் இல்லை. எல்லை மீறியதாக நீதிமன்றம் கருதினால், ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்தும் குற்றத்துக்கான 118-வது பிரிவு வரும். சாதாரணக் காயத்துக்கு 3 ஆண்டுகள் வரை, கொடுங்காயம் என்றால் ஆயுள் தண்டனை வரை அதில் இடம் உண்டு. அந்த இருட்டில், அந்த ஒரு நொடியில், `தேவையான அளவு' எது என்று கத்தியை வைத்துக்கொண்டு அளக்க யாராலும் முடியாது.

இரவில் கறிக்குழம்பு எடுத்துப் போகும்போது தூக்கில் ஓர் இரும்புத் துண்டைப் போட்டு அனுப்பும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. பேய்க்கு இரும்பு போதும், அது நேரில் வரப்போவதில்லை. மனிதர்களிடம் அந்தத் தைரியம் ஆபத்து. பையில் கத்தி இருக்கிறது என்ற நினைப்பிலேயே, தவிர்த்திருக்க வேண்டிய இருட்டுச் சந்துக்குள் கால் நுழைந்துவிடும்.

பிறகு, பையில் என்ன இருக்க வேண்டும்?

முதலில் கையில் போன். இந்தியா முழுவதற்குமான அவசர உதவி எண் 112. பெண்களுக்கான உதவி எண் 181. தமிழ்நாடு காவல்துறையின் `காவல் உதவி' செயலியை இன்றே இறக்கி, பதிவு செய்து வையுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களிலும் ஐபோன்களிலும் பவர் பட்டனை 5 முறை வேகமாக அழுத்தினால் அவசர அழைப்பு போகும்படி அமைக்கலாம். வீட்டில் எல்லோருடைய போனிலும் இந்த வசதி இயங்குகிறதா என்று செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்ஸியில் ஏறியதும் பயணத்தைப் பகிர்வதைப் பழக்கமாக்கலாம்.

அடுத்தது சத்தம். விசில், அல்லது பின்னை இழுத்தால் அலறும் சிறிய அலாரம். எடுக்க ஒரு நொடி, பயன்படுத்தப் பயிற்சி தேவையில்லை, பிடுங்கினாலும் நம்மைக் காயப்படுத்தாது. தாக்க வருபவருக்குப் பிடிக்காத இரண்டு விஷயங்கள், வெளிச்சமும் கூட்டமும். இரண்டையும் வரவழைப்பது சத்தம்தான்.

பெப்பர் ஸ்பிரேவுக்கு லைசென்ஸ் தேவையில்லை. கை எட்டும் தூரத்துக்கு வெளியிலேயே வேலை செய்யும், தப்பி ஓட நேரம் வாங்கித் தரும் என்பதால் கத்தியைவிட எவ்வளவோ மேல். ஆனால், அதுவும் விளையாட்டுப் பொருள் அல்ல. தகராறு ஒன்றில் பெப்பர் ஸ்பிரே அடித்தவர்கள் மீதான வழக்கை ரத்து செய்ய கர்நாடக உயர் நீதிமன்றம் 2024-ல் மறுத்துவிட்டது. உண்மையான ஆபத்தில் மட்டும், காற்றின் திசை பார்த்து அடித்துவிட்டு ஓடிவிட வேண்டும். காலாவதித் தேதியையும் அவ்வப்போது பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று பைக்குள் அடங்காது. இரவுப் பணி செய்யும் பெண் ஊழியர்களுக்குப் பாதுகாப்பும் போக்குவரத்து வசதியும் நிறுவனம் செய்து தர வேண்டும் என்பது, தமிழ்நாட்டில் அதற்கான அனுமதியோடு வரும் நிபந்தனை. மகளின் கம்பெனி வண்டி வீட்டு வாசல்வரை வருகிறதா, மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போகிறதா? அந்தத் தெருவிளக்கு எத்தனை நாளாக எரியவில்லை? கத்தி வாங்கும் காசுக்கும் நேரத்துக்கும், ஹெச்.ஆருக்கு ஒரு மெயில், மாநகராட்சிக்கு ஒரு புகார் என்று தொடங்குவது பலமடங்கு பலன் தரும். வீடு திரும்பும் வழி பாதுகாப்பாக இருக்க வேண்டியது பெண்ணின் கைப்பையின் பொறுப்பு அல்ல.

ஆகவே, சுருக்கமாக: டிரெக்கிங் மாணவருக்கு, 3 அங்குலத்துக்குள் ஸ்டெயின்லெஸ் அலகும் உறுதியான பூட்டும் உள்ள கத்தி. ஆசிரியருக்கு, கத்திரிக்கோல் சேர்ந்த 91 மில்லிமீட்டர் ரகம். அப்பாவுக்கு, ஒரு விசில், ஒரு செயலி, கம்பெனிக்கு ஒரு கடிதம். அந்தப் பெண்ணுக்கு பார்சல் பிரிக்கக் கத்தி வேண்டுமென்றால் அதையும் வாங்கிக் கொடுங்கள், அந்த வேலையை அது நன்றாகவே செய்யும்.